அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: பத்து அசிஸ்டென்ட் கோச்சுகளுக்கு வேலை பிரிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணி ஒன்றில் ஹெட் கோச்சுக்குக் கீழே பத்து அசிஸ்டென்ட் கோச்சுகள், அவர்களுக்குப் பின்னால் ஆட்ட வீடியோக்களை அலசும் அனலிஸ்ட், முதுகலை படித்துக்கொண்டே உதவும் கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்று ஒரு படையே நிற்கிறது. இவ்வளவு பேரை எதை வைத்து எடுக்கிறார்கள், யாருக்கு என்ன வேலை?

பொசிஷன் வாரியாகப் பிரிக்கிறார்கள் என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். பொய்யில்லை, ஆனால் பாதிதான். ஒருவர் பெயருக்குப் பின்னால் போட்டிருக்கும் பொசிஷன், பயிற்சி நேரத்தில் அவர் எந்தப் பையன்களோடு நிற்கிறார் என்பதை மட்டும் சொல்லும். அவரை ஏன் எடுத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் வேறு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: ஆட்டத்தன்று பிளேயை (அடுத்து ஆட வேண்டிய நகர்வை) அழைப்பது, அதாவது தேர்ந்தெடுத்துச் சொல்வது யார், எந்த ஊர்ப் பையன்களைப் பேசி அழைத்துவர இவரை நம்பியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

முதலில் எண்ணிக்கை. எஃப்பிஎஸ் என்கிற மேல்மட்டப் பிரிவில் 2017 சீசன் முடியும்வரை ஒன்பது அசிஸ்டென்ட்தான். 2018 ஜனவரி 9 முதல் பத்து. பேட்டிங் கோச், பௌலிங் கோச், ஃபீல்டிங் கோச் என்று மூன்று பேரோடு முடிந்துவிடும் கிரிக்கெட் அணியைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியும். ஆனால் இங்கே பந்தோடு முன்னேறும் 11 பேர் தனி, தடுக்கும் 11 பேர் தனி, உதைக்கும் நேரத்தில் இறங்குகிறவர்கள் தனி. அணியில் மொத்தம் நூறு பையன்களுக்கு மேல். அப்படிப் பார்த்தால் பத்து பேர் ஒன்றும் அதிகமில்லை.

பெரும்பாலான அணிகளில் பிரிவினை ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பந்தோடு முன்னேறும் ஆஃபென்ஸ் பக்கம் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்), டைட் எண்ட் (பிடிக்கவும் செய்வார், எதிரணியைத் தடுக்கவும் செய்வார்), ஆஃபென்சிவ் லைன் (முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐவர்) என்று ஐந்து பேர். தடுக்கும் டிஃபென்ஸ் பக்கம் டிஃபென்சிவ் லைன் (முன்வரிசை), லைன்பேக்கர் (அதற்குப் பின்வரிசை), கார்னர், சேஃப்டி (இருவரும் கடைசியில் நின்று பாஸைத் தடுப்பவர்கள்) என்று நான்கு பேர், சில இடங்களில் ஓரத்திலிருந்து பாய்கிற எட்ஜ் ஆட்டக்காரர்களுக்கு ஒருவர். உதைக்கும் நேரத்தில் இறங்குகிற ஸ்பெஷல் டீம்ஸ் கடைசியில் வரும். ஒன்பது பேர் காலத்தில் அதைத் தனியாகப் பார்க்கப் பல அணிகளுக்கு ஆளே கிடையாது. டைட் எண்ட் கோச்சின் தலையிலோ ரன்னிங் பேக் கோச்சின் தலையிலோ கட்டிவிடுவார்கள். பத்தாவது இடம் வந்ததும் சில அணிகள் ஸ்பெஷல் டீம்ஸுக்கென்றே ஆள் போட்டன, சில அணிகள் கார்னரையும் சேஃப்டியையும் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தன, இன்னும் சில ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து அவருக்கு எந்தப் பொசிஷனைக் கொடுக்கலாம் என்று அப்புறம் யோசித்தன. மூன்றாவது வகைதான் எனக்கு நேர்மையாகத் தோன்றுகிறது.

ஆஃபென்ஸ் முழுவதற்கும் பொறுப்பான ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குகளையும் தானே வைத்துக்கொள்வார். காரணம் எளிது: பிளேயை அழைக்கிறவரின் மண்டையில் ஓடுவது, அதை மைதானத்தில் நடத்துகிற பையனின் மண்டையிலும் ஓட வேண்டும், நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் வேலைக்காகாது. டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் லைன்பேக்கரையோ சேஃப்டியையோ எடுத்துக்கொள்வார், ஏனென்றால் மற்றவர்களுக்குச் சொல்லி நிறுத்துகிறவர்கள் அவர்கள்தான். மாற்று ஆள் கிடைப்பதில் சிக்கலான இடம் ஆஃபென்சிவ் லைன். ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி அடியெடுத்து வைக்கப் பழக்க வேண்டிய வேலை அது. நடுவில் கோச் மாறினால் கால் வைக்கிற முறையிலிருந்து, எதிரணியைப் பார்த்துக் கத்துகிற சொல் வரைக்கும் மாறும். அதனால் நல்ல லைன் கோச் கிடைத்தவர்கள் அவரை லேசில் விடமாட்டார்கள்.

வாரத்தின் நடுவில் போய்ப் பார்த்தால் பொசிஷன் கோடு அழிந்து இன்னொரு பிரிவினை தெரியும். சனிக்கிழமை ஆட்டத்துக்கான திட்டத்தைக் கோஆர்டினேட்டர் தனியாக உட்கார்ந்து போடுவதில்லை. கிராஜுவேட் அசிஸ்டென்ட்கள் எதிரணியின் பழைய ஆட்டங்களை ஒவ்வொரு பிளேயாக வெட்டி, எத்தனையாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் எது), இன்னும் எத்தனை யார்டு வேண்டும், மைதானத்தில் எந்த இடம், எந்த ஃபார்மேஷன் (ஆட்டக்காரர்கள் நிற்கும் அமைப்பு) என்று குறியிட்டு வைத்திருப்பார்கள். அதை வைத்து லைன் கோச் ஓட்டப் பிளேக்களையும் குவார்ட்டர்பேக்கைப் பாதுகாக்கும் முறைகளையும் கொண்டுவருவார், ஒருவருக்குத் தேர்ட் டவுன், ஒருவருக்குக் கடைசி 20 யார்டான ரெட் ஜோன், ஒருவருக்குக் கோல் லைன் என்று சூழல் வாரியாகப் பங்கு போகும். எல்லாம் சேர்ந்துதான் அந்த லேமினேட் செய்த அட்டை. டிவியில் கோச் வாயை மறைத்துக்கொண்டு பேசுவாரே, அதே அட்டைதான்.

ஆட்டத்தன்று பாதிப் பேர் மேலே பாக்ஸ் என்கிற உயரத்து அறையில், மீதிப் பேர் கீழே கோட்டோரம். மேலே இருந்தால் 22 பேரும் தெரிவார்கள், சத்தம் இருக்காது. கீழே இருந்தால் பையனின் முகத்தைப் பார்க்கலாம், தோளைப் பிடித்துப் பேசலாம். ஒரு பிளே முடிந்ததும் 40 விநாடிக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். எந்த டவுன், எத்தனை யார்டு என்று மேலே இருப்பவர் சொல்ல, எதிரணி யாரை இறக்குகிறது என்று இன்னொருவர் சொல்ல, அழைக்கிறவர் அட்டையில் தேட வேண்டும். 2024 முதல் எஃப்பிஎஸ்ஸில் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ அனுமதி, ஆனால் மைதானத்தில் நிற்கும் ஒரே ஒரு ஆட்டக்காரருக்குத்தான், அதுவும் கடிகாரம் 15ஐத் தொட்டதும் கட். ஆக 25 விநாடிக்குள் பார்த்து, முடிவெடுத்து, சொல்லி முடிக்க வேண்டும். இதற்கு முன்னால் ஓரத்தில் மூன்று பேர் நின்று கையை ஆட்டுவார்கள், அதில் ஒருவர் காட்டுவதுதான் நிஜம், மற்ற இருவர் எதிரணியைக் குழப்ப. எதிரணியின் சைகையைப் படிப்பதே ஒரு தனி வேலையாகி, 2023ல் மிச்சிகனில் அது பெரிய விவகாரமாக வெடித்ததும்தான் ரேடியோவுக்கு வேகமாக வழி பிறந்தது.

இப்போது பிளே அழைப்பதற்கு வருவோம். 2019 எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எட் ஓர்ஜெரான் ஹெட் கோச். ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர், அனுபவசாலி. அவருக்குப் பக்கத்தில், என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீகின் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் சாதாரண உதவியாளராக இருந்த ஜோ பிரேடியை, 30 வயதுகூட நிரம்பாதவரை, பாஸிங் கேம் கோஆர்டினேட்டர் என்ற பட்டத்தோடு கொண்டுவந்தார்கள். மூத்தவரைத் தள்ளிவிடவில்லை, சின்னவரை அடக்கவும் இல்லை. கோஆர்டினேட்டர் நாற்காலி என்ஸ்மிங்கருடையதாகவே இருந்தது, பாஸிங் ஆட்டத்துக்கு செயின்ட்ஸ் பாணி வந்து சேர்ந்தது. குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 60 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லையைத் தாண்டிப் புள்ளி தரும் பாஸ்) வீசினார், அணி 15-0, அதாவது தோல்வியே இல்லை, சாம்பியன். நாட்டின் சிறந்த அசிஸ்டென்ட்டுக்கு 1996லிருந்து கொடுக்கும் பிராய்ல்ஸ் விருது அந்த ஆண்டு பிரேடிக்கு. கௌரவம் பார்க்காத கோஆர்டினேட்டர் ஒருவர் இல்லாமல் இது நடந்திருக்காது. விருதை அவரோடு பாதி பங்கு போட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

சரி, அடுத்த வருஷம்? பிரேடி என்எஃப்எல் அணியான கரோலினா பேந்தர்ஸுக்குக் கோஆர்டினேட்டராகப் போனார். டிஃபென்ஸைப் பார்த்த டேவ் அராண்டா பேய்லர் பல்கலைக்கழகத்துக்கு ஹெட் கோச்சாகப் போனார். அராண்டா இடத்தில் வந்தவர் போ பெலினி. 2020ன் முதல் ஆட்டத்திலேயே மிசிசிப்பி ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் 623 யார்டு வீசினார், அது எல்எஸ்யு ஆடும் எஸ்இசி என்ற கல்லூரி அணிகள் கூட்டமைப்பின் சாதனை. சீசன் 5-5ல் முடிந்தது, பெலினி ஒரே வருஷத்தில் வெளியே. பழியை முழுக்கக் கோச்சுகள் மேல் போட முடியாது, அந்த வசந்தத்தில் 14 ஆட்டக்காரர்கள் என்எஃப்எல் டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) போயிருந்தார்கள், கொரோனா வேறு. இருந்தாலும் ஹெட் கோச் அதே ஆள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஹெட் கோச்சே பிளே அழைக்கிற அணிகளில் கதை வேறு. அங்கே ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் என்பது பெரும்பாலும் திட்டம் தயாரித்துக் கொடுக்கிற ஆள். ஒஹையோ ஸ்டேட்டில் ரயன் டே பல வருஷம் தானே அழைத்துக்கொண்டிருந்தார். 2024ல் அதை விட்டுக்கொடுக்க முடிவெடுத்து முதலில் பில் ஓ'பிரையனை எடுத்தார், அவர் சில வாரங்களிலேயே பாஸ்டன் காலேஜுக்கு ஹெட் கோச்சாகக் கிளம்பிவிட்டார். அப்புறம் வந்தவர் சிப் கெல்லி, யூசிஎல்ஏவில் ஹெட் கோச்சாக இருந்தவர், பதவியும் சம்பளமும் குறைந்தாலும் பரவாயில்லை என்று வந்தார். நியூ ஹாம்ப்ஷரில் டே குவார்ட்டர்பேக்காக ஆடிய காலத்தில் கெல்லிதான் அங்கே கோஆர்டினேட்டர். இருபது வருஷத்துக்கு மேல் பழகியவர் என்பதால்தான் டே தன் கையிலிருந்த அட்டையைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். வெளியாளிடம் அதைக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. 2025 ஜனவரியில் நோட்ர டாமை 34-23 என்று வென்று சாம்பியன் ஆனார்கள், சில வாரங்களிலேயே கெல்லி என்எஃப்எல் அணியான லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்குப் போனார், டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்குப் போனார். ஜெயித்தால் ஆள் போவார்கள், தோற்றால் ஆளை அனுப்புவார்கள். அசிஸ்டென்ட் அறை எப்படியும் காலியாகும்.

இதனால்தான் பட்டங்கள் பெருகுகின்றன. கோ-கோஆர்டினேட்டர், ரன் கேம் கோஆர்டினேட்டர், பாஸிங் கேம் கோஆர்டினேட்டர், அசோசியேட் ஹெட் கோச் என்று ஒரே அணியில் ஏழெட்டுப் பேருக்குப் பட்டம் இருக்கும், பிளே அழைப்பதோ ஆளுக்கு ஒரு பக்கம், மொத்தம் இரண்டே பேர். பட்டம் கொடுப்பது சம்பள உயர்வுக்குச் சாக்கு, போட்டியாளர் கொத்திக்கொண்டு போகாமலிருக்க ஒரு கட்டு, அடுத்த வேலைக்குப் போகும்போது பயோடேட்டாவில் ஒரு வரி. தப்பில்லை. செய்தியில் கோ-கோஆர்டினேட்டர் என்று வந்தால் அவர் பிளே அழைப்பாரா என்று அடுத்த வரியில் தேடுங்கள். அந்த வரி இல்லையென்றால் அழைக்கமாட்டார்.

ஆரம்பத்தில் சொன்ன இரண்டில் இரண்டாவது, ஆள் பிடிப்பது. ஒவ்வொரு அசிஸ்டென்ட்டுக்கும் பொசிஷன் ஒன்று, ஏரியா ஒன்று: ஒருவருக்கு தெற்கு ஃபுளோரிடா, ஒருவருக்கு ஹூஸ்டன், ஒருவருக்கு அட்லாண்டா. அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிக் கோச்சுகளுக்கு இவர் போன் செய்தால் எடுக்க வேண்டும், பையனின் அம்மா கதவைத் திறக்க வேண்டும். அதற்காகப் பள்ளிக் கோச்சையே நேரடியாக எடுப்பதும் உண்டு. 2005 கடைசியில் ஆர்கன்சா பல்கலைக்கழகம் ஸ்பிரிங்டேல் பள்ளியின் கோச் கஸ் மல்சானை ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டராகவே எடுத்தது. அவருடைய குவார்ட்டர்பேக் மிட்ச் மஸ்டெயினும் வேறு சில பையன்களும் அதே பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். 2006ல் 10 வெற்றி, ஆனாலும் ஒரே சீசனில் மல்சான் டல்சா பல்கலைக்கழகத்துக்குப் போனார், மஸ்டெயின் யூஎஸ்சி என்கிற இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போனார். கோச்சையும் பையனையும் ஒரே பொதியாக வாங்கினால் ஒன்று அவிழும்போது மற்றதும் அவிழும். ஆனால் மல்சான் சும்மா பையனோடு வந்த இலவச இணைப்பு இல்லை, 2010ல் ஆபர்ன் சாம்பியன் ஆனபோது ஆஃபென்ஸை நடத்தியவர் அவர்தான், அந்த ஆண்டு பிராய்ல்ஸ் விருதும் அவருக்கே. பின்னாளில், பையனோடு தொடர்புள்ள ஆளுக்கு அலுவலகத்தில் பெயருக்கு ஒரு வேலை கொடுத்து வளைப்பதைத் தடுக்க 2017ல் விதி வந்தது.

இங்கே ஒரு பழைய மனக்குறையையும் சொல்ல வேண்டும். கறுப்பினக் கோச்சுகள் பலரை நல்லா ஆள் பிடிப்பார் என்ற முத்திரையோடு ரன்னிங் பேக், ரிசீவர், டிஃபென்சிவ் லைன் இடங்களிலேயே வைத்துவிடுகிறார்கள், குவார்ட்டர்பேக் கோச், கோஆர்டினேட்டர் பக்கம் விடுவதில்லை என்பது அது. ஹெட் கோச் ஆகிற பாதை பெரும்பாலும் கோஆர்டினேட்டர் அறை வழியாகத்தான் போகிறது என்பதால் முதல் வேலையில் எந்தப் பொசிஷன் கிடைக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

சொந்தக்காரர்களை எடுப்பது? உண்டு, நிறைய. அயோவாவில் 1999 முதல் ஹெட் கோச் கர்க் ஃபெரன்ட்ஸ், 2017லிருந்து 2023 வரை அவர் மகன் பிரையன் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர். உறவினர் விதி இருப்பதால் காகிதத்தில் மகன் அப்பாவுக்குக் கீழே இல்லை, விளையாட்டு இயக்குநருக்குக் கீழே. ஆஃபென்ஸ் படுத்துவிட்டதும் 2023ல் ஒப்பந்தத்தைத் திருத்தி, சம்பளத்தை 50,000 டாலர் குறைத்து 8,50,000 ஆக்கி, ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளியும் 7 வெற்றியும் வேண்டும் என்று எழுதினார்கள். வெற்றி 10 வந்தது, புள்ளி 16ஐக்கூடத் தொடவில்லை. சீசன் நடுவிலேயே அடுத்த வருஷம் நீ இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அசிஸ்டென்ட் ஒருவரை இவ்வளவு வெளிப்படையாக எண் போட்டு அளந்தது அபூர்வம்.

அனலிஸ்ட்கள் யார்? பத்து பேர் வரம்பைத் தாண்டி ஆள் வைத்துக்கொள்ள வந்த குறுக்கு வழி அது. வீடியோ பார்க்கலாம், கோச்சுகளோடு பேசலாம், ஆனால் மைதானத்தில் பையனிடம் காலை இப்படி வை என்று சொல்லக்கூடாது என்பதுதான் 2024 வரை விதி. அலபாமாவில் நிக் சேபன் இதை ஒரு கலையாகவே ஆக்கினார்: வேலை இழந்த ஹெட் கோச்சுகளைக் குறைந்த சம்பளத்துக்கு உட்கார வைத்தார். டென்னசி துரத்திய புட்ச் ஜோன்ஸ் 2018ல் அங்கே 35,000 டாலருக்கு வேலை பார்த்தார். கேட்டால் பாவமாக இருக்கும், ஆனால் டென்னசி அவருக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் தர வேண்டியிருந்தது, புது இடத்தில் அதிகம் சம்பாதித்தால் அந்தத் தொகையில் கழித்துக்கொள்வார்கள். குறைந்த சம்பளத்தால் அவருக்கு நஷ்டமில்லை, பழைய பல்கலைக்கழகம்தான் தலையில் கைவைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பக்கம் இது காத்திருப்புப் பட்டியலும்கூட. 2016 கடைசியில் கோஆர்டினேட்டர் லேன் கிஃபினுக்கு ஃபுளோரிடா அட்லாண்டிக்கில் ஹெட் கோச் வேலை கிடைத்தது. அரையிறுதி முடிந்ததும், இறுதிப்போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சேபன் அவரை அனுப்பிவிட்டு அனலிஸ்டாக இருந்த ஸ்டீவ் சார்க்கீசியனிடம் அட்டையைக் கொடுத்தார். கிளெம்சனிடம் 35-31 என்று தோற்றார்கள். அதற்கு முந்தைய வருஷம் இதே நிலையில் கர்பி ஸ்மார்ட், ஜார்ஜியாவுக்கு ஹெட் கோச் ஆகிவிட்ட பிறகும் இறுதிப்போட்டி வரை அலபாமாவின் டிஃபென்ஸை நடத்திக் கொடுத்துவிட்டுப் போனார், அது ஜெயித்தது. ஆள் எடுக்கும் சந்தை டிசம்பரில் சூடு பிடிக்கிறது, முக்கிய ஆட்டங்கள் ஜனவரியில். இந்தப் பஞ்சாயத்து வருஷா வருஷம் வரும்.

2024 ஜூனில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ, அனலிஸ்ட் மைதானத்தில் சொல்லிக்கொடுக்கக்கூடாது என்ற அந்தத் தடையை எடுத்துவிட்டது. இப்போது அனலிஸ்டும் மைதானத்தில் இறங்கிச் சொல்லிக்கொடுக்கலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும். ஆனால் வெளியூர் போய்ப் பையனைப் பார்ப்பது மட்டும் ஹெட் கோச்சுக்கும் பத்து அசிஸ்டென்ட்டுக்கும்தான் என்று வைத்துக்கொண்டார்கள். கவனித்துப் பாருங்கள், பத்து என்ற எண் இன்று பயிற்சியைக் கட்டுப்படுத்துவதே இல்லை, யார் காரை எடுத்துக்கொண்டு பையன் வீட்டுக்குப் போகலாம் என்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது. சொல்லிக்கொடுப்பதில் மன்னன், வீட்டு வாசலில் நின்று பேச வராது என்கிற ஆளை அனலிஸ்டாக வைத்துவிட்டு, பத்துக்குள் ஓர் இடத்தைப் பேச்சுக்காரருக்குக் கொடுக்கலாம். பணம் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இது கொண்டாட்டம். சின்ன இடங்களில் அனலிஸ்ட் பட்டியலே குட்டியாக இருக்கும்.

அந்தப் பேச்சும் மாறிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருஷத்துக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. அதனால் ஜெனரல் மேனேஜர் என்ற நாற்காலி கல்லூரிக்குள் வந்துவிட்டது: ஸ்டான்ஃபோர்டில் 2024 நவம்பரில் முன்னாள் என்எஃப்எல் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக், நார்த் கரோலினாவில் ஹெட் கோச்சாக வந்த பில் பெலிச்செக்கோடு மைக்கேல் லம்பார்டி. ரிசீவர் கோச் இன்றும் பையன் வீட்டுக்குப் போகிறார், சாப்பிடுகிறார், அம்மாவோடு பேசுகிறார். எவ்வளவு தருவீர்கள் என்று அப்பா கேட்டால், அதற்குப் பதில் சொல்கிற ஆள் வேறு அறையில் இருக்கிறார்.